பிறந்த வீட்டில் அழிந்த குதிரையும் புகுந்த வீட்டில் பிழைத்த பைசனும்

கேள்வி இதுதான்: வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் யானையும் ஒட்டகமும் சிங்கமும் திரிந்தன என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால் அவையெல்லாம் எங்கே போயின? பைசனும் ஓநாயும் கரடியும் மட்டும் எப்படித் தப்பின?

உண்மைதான். ஆனால் பதிலுக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்கா என்றதும் நம் மனதில் வரும் விலங்குகளில் பாதி அந்த மண்ணில் பிறந்தவை அல்ல. பிழைப்பு தேடி ஆசியாவிலிருந்து போனவை. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களோ அங்கே பூண்டோடு அழிந்து, வெளியூர் போன கிளைகளால் மட்டும் வம்சத்தைக் காப்பாற்றிக்கொண்டன. இது புரிந்தால்தான் யார் தப்பினார்கள், ஏன் தப்பினார்கள் என்பது விளங்கும்.

குதிரையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 5 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அதன் மூதாதை ஒரு சின்ன நாய் அளவுதான் இருந்தது. முன்னங்காலில் 4 விரல், பின்னங்காலில் 3 விரல். வயோமிங் பகுதிப் பாறைகளில் அதன் எலும்புகள் ஏராளம். அங்கிருந்து விரல்கள் குறைந்து, பல் நீண்டு, உடம்பு பெருத்து, இன்றைய குதிரை இனம் உருவானது வட அமெரிக்கப் புல்வெளிகளில்தான். பனியுகங்களில் கடல் நீர் பனிப்பாறையாக உறைந்து, கடல் மட்டம் 100 மீட்டருக்கும் கீழே இறங்கியபோது அலாஸ்காவும் சைபீரியாவும் ஒரே நிலமாக இருந்தன. பெரிஞ்சியா என்று அதற்குப் பெயர். அந்த வழியாகச் சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் குதிரைகள் ஆசியாவுக்குள் இறங்கின. ஆப்பிரிக்காவின் வரிக்குதிரை, சலவைக்காரர் வீட்டுக் கழுதை, ஐயனார் கோயில் வாசலில் மண்ணால் செய்து நிறுத்தியிருக்கிறோமே அந்தப் புரவி, எல்லாவற்றுக்கும் பூர்வீகம் அமெரிக்காதான். அங்கேயே தங்கிவிட்ட குதிரைகள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் காணாமல் போயின. 1493இல் கொலம்பஸ் கரீபியத் தீவுக்கும், 1519இல் 16 குதிரைகளோடு கோர்டெஸ் மெக்சிகோ கரைக்கும் வந்து சேர்ந்தபோது உள்ளூர் மக்களுக்கு அது புது விலங்கு. மண்ணுக்குத்தான் பழையது.

ஒட்டகத்தின் கதையும் இதே கதைதான், அதைவிட வேடிக்கையானது. ஒட்டகக் குடும்பம் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வட அமெரிக்காவில் தோன்றி, நெடுங்காலம் அங்கே மட்டுமே இருந்தது. ஒரு கிளை பெரிஞ்சியா வழியாக ஆசியா போய் ராஜஸ்தான் வரை வந்தது. இன்னொரு கிளை தெற்கே இறங்கி லாமாவாகவும் அல்பாக்காவாகவும் ஆனது. கனடாவின் வட கோடியில், எல்ஸ்மியர் தீவில், 35 லட்சம் ஆண்டுப் பழைய ஒட்டகக் கால் எலும்புத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அந்த இடத்தில் ஆண்டில் பல மாதம் சூரியனே வராது. அகலப் பாதமும் கொழுப்புத் திமிலும் முதலில் பனிக்காக வந்தவை, பாலைவனத்துக்குப் பிறகு பயன்பட்டவை என்று அதை வைத்துச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது நம்பத் தகுந்ததாகவே படுகிறது.

அப்புறம் 1856. அமெரிக்க ராணுவத்துக்குத் தென்மேற்குப் பாலைநிலத்தில் சுமை தூக்க ஆள் வேண்டியிருந்தது. மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து 34 ஒட்டகங்களைக் கப்பலேற்றி டெக்சாஸில் இறக்கினார்கள். அவை நன்றாகவே உழைத்தன. தண்ணீர் கேட்கவில்லை, கோவேறு கழுதை தொடாத முட்செடியைத் தின்றன. ஆனால் குதிரைகள் அவற்றைக் கண்டு மிரண்டன, சிப்பாய்களுக்கும் அவற்றின் வாடை பிடிக்கவில்லை. உள்நாட்டுப் போர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டு, ஒட்டகங்களை ஏலம் போட்டார்கள், சில ஓடிப் போயின. தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிய கதை. மிரண்ட குதிரையும் அதே வீட்டுப் பெண்தான் என்பது கூடுதல் வேடிக்கை.

நாய்க் குடும்பமும் அங்கே தோன்றியதுதான். நம் தெருமுனை நாயின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டே போனால் 4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வட அமெரிக்காவில் போய் நிற்கும். ஆனால் இன்று யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஊளையிடும் சாம்பல் ஓநாய் ஆசியாவில் உருவாகித் திரும்பி வந்த கிளை.

சரி, இன்று அங்கே இருக்கும் பெரிய விலங்குகளின் பூர்வீகம் என்ன? பைசன் 2 லட்சம் ஆண்டுகளுக்குள் ஆசியாவிலிருந்து வந்தது. பழுப்புக் கரடியும் அங்கிருந்தே. மூஸ் எனும் பெரிய மான், எல்க் மான் இரண்டும் கடைசிப் பனியுகத்தின் முடிவில், ஏறக்குறைய மனிதர்களோடு கைகோத்துக்கொண்டு வந்தவை. பூமா அமெரிக்க விலங்குதானே என்றால், வட அமெரிக்கப் பூமாக்களின் மரபணுவில் பெரிய வேறுபாடே இல்லை. பனியுக முடிவில் அங்கிருந்த கூட்டம் அழிந்து, தென் அமெரிக்காவிலிருந்து ஒரு சிறு கூட்டம் மறுபடி வந்து குடியேறியிருக்க வேண்டும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் விளக்கம். (பைசனைத் தமிழில் காட்டெருமை என்று எழுதுகிறார்கள். முதுமலையிலும் வால்பாறையிலும் நாம் அப்படி அழைப்பது வேறு விலங்கு. குழப்பம் வேண்டாம் என்று பைசன் என்றே எழுதுகிறேன்.)

அழிந்தவற்றின் பட்டியல் நீளம். நெருங்கிய இனங்களைச் சேர்த்துப் பேரினங்களாக எண்ணினாலே 30க்கு மேல் வரும். மாமத், மாஸ்டொடான் என்று யானை உறவுகள், ஆப்பிரிக்கச் சிங்கத்தைவிடப் பெரிய ஒரு சிங்கம், வாள்பல் பூனை, டையர் ஓநாய், கரடி அளவு பீவர் (ஆற்றில் அணை கட்டும் கொறிவிலங்கு), கார் அளவுக்கு ஓடு சுமந்த அர்மடில்லோ உறவு, எருது கனத்துக்கு ஒரு தரை ஸ்லாத். ஸ்லாத்தைத் தேவாங்கு என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். தேவாங்கு குரங்குக்குச் சொந்தம், இது தென் அமெரிக்க எறும்புதின்னிக்குச் சொந்தம், இன்றைய ஸ்லாத்கள் மரத்தில் தொங்குபவை.

அந்த ஸ்லாத்தைப் பற்றி ஒரு கதை சொல்லிவிட வேண்டும். தாமஸ் ஜெஃபர்சனின் கைக்கு 1790களில் ஒரு குகையிலிருந்து பெரிய நகங்கள் வந்து சேர்ந்தன. மகா பெரிய சிங்கத்தின் நகம் என்று நினைத்து 1797இல் கட்டுரையே படித்தார். படிப்பதற்குச் சற்று முன்தான் தென் அமெரிக்க ஸ்லாத் ஒன்றின் எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்திருந்தார், மனதுக்குள் சந்தேகம் வந்துவிட்டது. பிற்காலத்தில் அந்த விலங்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆனால் ஓர் இனம் முழுதாக அழியும் என்பதை அவர் நம்பவே இல்லை. இயற்கை தன் சங்கிலியில் ஒரு கண்ணியையும் அறுந்துபோக விடாது என்பது அவர் எண்ணம். ஜனாதிபதியானதும் மேற்கே லூயிஸையும் கிளார்க்கையும் அனுப்பியபோது, எங்காவது மாஸ்டொடான் மேய்ந்துகொண்டிருக்கும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அவர்கள் பைசன் பார்த்தார்கள், பழுப்புக் கரடியிடம் சிக்கி ஓடினார்கள். மாஸ்டொடான் இல்லை.

இந்தப் பழைய கூட்டத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போக வேண்டும். நகரத்தின் நடுவே, பேருந்து ஓடும் பெரிய சாலையை ஒட்டி, லா பிரேயா என்ற இடத்தில் நிலத்தடியிலிருந்து தார் ஊறிக்கொண்டே இருக்கிறது. இறங்கியதும் புதிதாகச் சாலை போட்ட தெருவின் வாசனை மூக்கில் ஏறும். குளத்தில் குமிழ் விட்டு வாயு வெளிவரும். 50,000 ஆண்டுகளாக அது ஒரு பொறி. ஒரு மாடோ குதிரையோ காலை வைத்துச் சிக்கும், அதன் கதறலுக்கு ஓநாய்க் கூட்டம் வரும், கூட்டமும் சிக்கும். அதனால் அங்கே கிடைத்த பாலூட்டிகளில் பெரும்பகுதி கொன்றுண்ணிகள். டையர் ஓநாய்கள் மட்டும் 4,000க்கு மேல். அவற்றில் 400 மண்டையோடுகளை ஒரு சுவர் முழுக்க, பின்னால் மஞ்சள் விளக்கு போட்டு, வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் அந்தச் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு சிறுவன் எண்ண ஆரம்பித்து எழுபதில் விட்டுவிட்டான்.

டையர் ஓநாய் என்றதும் 2025இல் வந்த செய்தி நினைவுக்கு வரலாம், அதை உயிர்த்தெழ வைத்துவிட்டோம் என்று ஓர் அமெரிக்க நிறுவனம் அறிவித்தது. அவர்கள் செய்தது சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 இடங்களைத் திருத்தியது. டையர் ஓநாயின் வழி ஓநாயிடமிருந்து 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று 2021இல் ஒரு மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. வெள்ளையாக, கொஞ்சம் பெரிதாக ஓர் ஓநாய் பிறந்திருக்கிறது. அழகான குட்டிகள், அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டினால் எல்லாரும் எம்.ஜி.ஆர். ஆகிவிட முடியுமா?

இனி முக்கியமான கேள்வி: ஏன் அழிந்தன? இதில் இரண்டு கட்சி. ஒன்று, பனியுகம் முடிந்து தட்பவெப்பம் மாறியதால் என்கிறது. மற்றது, மனிதன் வந்ததால் என்கிறது. பால் மார்ட்டின் என்ற அறிஞர் 1960களிலிருந்து இரண்டாம் கட்சிக்காகக் கடுமையாக வாதாடினார். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் க்ளோவிஸ் என்ற வேட்டை மக்கள் நேர்த்தியான கல் முனைகளோடு கண்டம் முழுக்கப் பரவினார்கள், பின்னாலேயே பெரிய விலங்குகள் விழுந்தன என்பது அவர் வாதம். அந்த வடிவத்தில் அது இப்போது நிற்காது. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் கிடைத்த மனிதக் கால்தடங்களுக்கு 21,000 முதல் 23,000 ஆண்டு வயது சொல்கிறார்கள். அது சரியென்றால் மனிதனும் மாமத்தும் பல ஆயிரம் ஆண்டுகள் ஒரே நிலத்தில் இருந்திருக்கிறார்கள்.

அதற்காகத் தட்பவெப்பக் கட்சி ஜெயித்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. பனியுகம் வந்து போவது ஒரு முறை நடந்ததல்ல. 10 லட்சம் ஆண்டுகளில் பல முறை பனி வந்தது, உருகியது. மாமத்தும் குதிரையும் ஒவ்வொரு முறையும் தெற்கே நகர்ந்து வடக்கே திரும்பின. கடைசி முறை மட்டும் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் அந்தக் கட்சியிடம் இல்லை.

எனக்குத் தீர்ப்பு சொல்பவை தீவுகள். தரை ஸ்லாத்கள் கண்டத்தில் அழிந்த பிறகும் கியூபாவிலும் ஹிஸ்பானியோலாவிலும் அவற்றின் சிறிய உறவுகள் இன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்தன. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் வரை. பனியுக முடிவின் வெப்பம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. மனிதர்கள் அந்தத் தீவுகளுக்குப் படகில் வந்த சில காலத்துக்குள் முடிந்துவிட்டன. அலாஸ்காவுக்கு அப்பால் செயின்ட் பால் தீவில் மாமத்கள் 5,600 ஆண்டுகளுக்கு முன் வரை இருந்தன. அங்கே மனிதன் போகவே இல்லை. கடல் உயர்ந்து தீவு சுருங்கி, குடிக்க இருந்த ஏரிகள் வற்றி, யானைகள் கரையை மிதித்துச் சேறாக்கி, கடைசியில் தாகத்தில் செத்தன என்று ஏரிப் படிவுகளைத் தோண்டியவர்கள் சொல்கிறார்கள். தட்பவெப்பம் தனியாகவும் கொல்லும், நகர இடமில்லாத சின்னத் தீவில். இத்தனை பெரிய கண்டத்தில் அது மட்டுமே போதுமா என்பதுதான் கேள்வி.

வேட்டையாடித் தீர்க்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்பவர்கள் யானையின் கணக்கைப் பார்க்க வேண்டும். யானை 22 மாதம் சுமக்கிறது. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நாலைந்து ஆண்டு இடைவெளி. மாமத்தும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். இப்படிப்பட்ட கூட்டத்தில் ஆண்டுக்கு நூற்றில் சில விலங்குகள் கூடுதலாகச் செத்தால் போதும், பிறப்பு ஈடுகட்டாது. வேட்டைக்காரனுக்கே தான் அழித்துக்கொண்டிருப்பது தெரியாது. அவன் தாத்தா காலத்தில் கொஞ்சம் அதிகம் இருந்தது, அவ்வளவுதான். வாஷிங்டன் மாநிலத்தில் மானிஸ் என்ற இடத்தில் ஒரு மாஸ்டொடான் விலா எலும்பில் எலும்பு முனை ஒன்று முறிந்து பதிந்தே கிடைத்தது, வயது சுமார் 13,900 ஆண்டு. லா பிரேயா வட்டாரத்து ஏரிப் படிவுகளில் இன்னொரு துப்பு உண்டு: 13,000 ஆண்டுகளுக்குச் சற்று முன் கரித்துகள் திடீரென்று எகிறுகிறது. வறட்சி, வெப்பம், அதற்கு மேல் மனிதன் வைத்த தீ. காடு புதராக மாறியது, பெரிய விலங்குகள் அங்கிருந்து மறைந்தன. நரியைப் போன்ற கயோட்டி மட்டும் தார்க்குழியில் தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தது, அதாவது உயிரோடு இருந்தது. என் கருத்து இதுதான்: தட்பவெப்பம் தள்ளாட வைத்தது, மனிதன் எழுந்திருக்க விடவில்லை.

அப்படியானால் தப்பியவை? ஆசியாவிலிருந்து வந்தவை மனிதனை ஏற்கெனவே அறிந்திருந்தன, பயப்படக் கற்றிருந்தன, அதனால் பிழைத்தன என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாமத்தும் ஆசியா வழி வந்ததுதான், அது பிழைக்கவில்லை. பைசனுக்குக் கைகொடுத்தது வேறு: பசு 2, 3 வயதிலேயே கன்று போட ஆரம்பித்து, பெரும்பாலும் ஆண்டு தவறாமல் போடும். போட்டிக்கு நின்ற குதிரையும் ஒட்டகமும் மாமத்தும் போனபின் புல்வெளி முழுக்க அதற்கே மிஞ்சியது. லூயிஸும் கிளார்க்கும் கண்ட அந்தக் கடல் போன்ற மந்தை ஆதிகாலக் காட்சி என்று நினைத்துவிடக் கூடாது. அது காலியான வீட்டில் பெருகிய குடித்தனம்.

காலியான வீட்டில் பழைய ஆட்களின் தடயங்களும் இருக்கின்றன. பிராங்ஹார்ன் அந்த மண்ணிலேயே பிறந்து அங்கேயே தப்பிய அபூர்வம். பார்க்க மான் போல இருக்கும், மானும் அல்ல, வெளிமானும் அல்ல. அதன் குடும்பத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான், உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கி. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால், சிவிங்கிப்புலி போலச் சில நொடி அல்ல, கிலோமீட்டர் கணக்கில் ஓடும். அங்கே அதைத் துரத்தும் ஓநாயோ கயோட்டியோ அந்த வேகத்துக்குக் கிட்டவே வராது. பின்னே யாருக்குப் பயந்து இந்த ஓட்டம்? பனியுகத்தில் அங்கே வேகமாக ஓடும் ஒரு பூனை இருந்தது, பூமாவின் சொந்தம், வடிவத்தில் சிவிங்கிப்புலி போன்றது. பிராங்ஹார்ன் இன்னும் அந்தச் செத்துப்போன பூனைக்குப் பயந்து ஓடுகிறது என்பது ஜான் பையர்ஸ் என்ற விலங்கியலாளரின் விளக்கம். நிரூபிக்க முடியாததுதான், இருந்தாலும் எனக்குப் பிடித்த விளக்கம். இவ்வளவு ஓடும் விலங்குக்கு வேலி தாண்டத் தெரியாது. திறந்த புல்வெளியில் தாண்ட எதுவுமே இருந்ததில்லை. முள்கம்பி வேலி வந்ததும் மண்டியிட்டு அடியில் நுழையப் பார்த்தது, முடியாத இடத்தில் பனியில் சிக்கிச் செத்தது. இப்போது பல பண்ணைகளில் கீழ்க்கம்பியை உயர்த்தி, முள் இல்லாத கம்பியாக மாற்றுகிறார்கள். வயோமிங்கில் அவை வலசை போகும் பாதையில் நெடுஞ்சாலைக்கு மேலே 2012இல் ஒரு பாலமே கட்டிக்கொடுத்தார்கள். வண்டி கீழே போகும், விலங்கு மேலே போகும்.

மரங்களிலும் இந்தத் தடயம் உண்டு. ஓசேஜ் ஆரஞ்சு என்ற மரம் பெரிய பச்சைப் பந்து போல, மூளை மடிப்பு மாதிரித் தோலோடு, காய் காய்க்கும். கீழே விழுந்து மரத்தடியிலேயே அழுகும். இப்போதிருக்கும் காட்டு விலங்கு எதுவும் அதை விழுங்கித் தூரத்தில் விதை போடுவதில்லை. மாஸ்டொடானுக்கும் ஸ்லாத்துக்கும் வைத்த பந்தி, சாப்பிட ஆள் வராமல் 12,000 ஆண்டாகக் காத்திருக்கிறது என்பார்கள். வெண்ணெய்ப் பழத்தின் அந்தப் பெரிய கொட்டைக்கும் இதே கதைதான் சொல்கிறார்கள். அதற்கு நாம் வந்து சேர்ந்தோம்.

அடுத்த அழிவு அலை ரயிலோடு வந்தது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை, கொலைகாரன் கையும் களவுமாகப் பிடிபட்டவன். பைசன் 3 கோடி இருந்தது என்பது குறைந்தபட்ச மதிப்பீடுகளில் ஒன்று. 1870களின் தொடக்கத்தில் அதன் தோலைத் தொழிற்சாலைத் தரத்துக்குப் பதப்படுத்தும் முறை கைகூடியது, ஆலை இயந்திரங்களின் வார்பட்டைக்கு அது தேவைப்பட்டது. ரயில் பாதை மந்தைகளின் நடுவே போனது. தோலை உரித்துக்கொண்டு உடலை அப்படியே விட்டார்கள். பைசன் போனால் அதை நம்பியிருக்கும் பூர்வகுடிகள் பணிந்து வருவார்கள் என்று ராணுவ அதிகாரிகள் வெளிப்படையாகவே பேசினார்கள். அதேபோல் பசி அவர்களை ஒதுக்கிடங்களுக்குள் தள்ளியது. 1889இல் எண்ணியபோது கண்டம் முழுவதற்கும் ஆயிரத்துச் சொச்சம்.

காப்பாற்றியவர்கள் யார் என்று பார்த்தால் விசித்திரமான கூட்டம். மொன்டானாவில் பூர்வகுடி ஆட்கள் ஓட்டி வந்த சில கன்றுகளிலிருந்து பெருகிய மந்தையை மிஷெல் பாப்லோவும் சார்ல்ஸ் அல்லார்டும் வளர்த்தார்கள். 1907 முதல் கனடா அதை விலைக்கு வாங்கியது. டெக்சாஸில் ஒரு மாட்டுப்பண்ணைக்காரரின் மனைவி மேரி ஆன் குட்நைட், தாயிழந்த கன்றுகளைக் கொண்டுவரச் சொல்லி வளர்த்தார். இன்னொருவர் வில்லியம் ஹார்னடே. 1886இல் அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைக்க வேண்டும் என்று மிச்சமிருந்தவற்றில் இருபதுக்கும் மேல் சுட்டவர். பிறகு மனம் மாறி, 1907இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவிலிருந்து 15 பைசன்களை ரயிலில் ஓக்லஹோமாவுக்கு அனுப்பி வைத்தார். எந்த ரயில் அழித்ததோ அதே ரயில். கொமான்சி மக்கள் குழந்தைகளோடு வந்து பார்த்தார்கள். இன்று பண்ணை மந்தைகளையும் சேர்த்து லட்சக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் பலவற்றின் ரத்தத்தில் வளர்ப்பு மாட்டின் கலப்பும் இருக்கிறது.

பயணிப் புறாவுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. 300 முதல் 500 கோடி வரை இருந்திருக்கலாம் என்கிறார்கள். 1813இல் கென்டக்கியில் பறவை ஓவியர் ஆடுபான் பார்த்த ஒரு கூட்டம், நண்பகல் வெளிச்சத்தைக் கிரகணம் போல மறைத்து, மூன்று நாள் ஓயாமல் பறந்தது. தந்தி வந்ததும் கூட்டம் எங்கே இறங்கியிருக்கிறது என்ற செய்தி வேட்டைக்காரர்களுக்கு அன்றைக்கே போனது, ரயில் வந்ததும் பீப்பாய் பீப்பாயாக நகரச் சந்தைக்கு இறைச்சி போனது. ஆயிரக்கணக்கில் மிச்சமிருந்தபோதும் அது ஏன் மீளவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு ஜோடிக்கு ஒரே முட்டை. கூட்டம்தான் அதன் கவசம். பருந்தும் நரியும் வயிறு முட்டத் தின்றாலும் தீராத எண்ணிக்கையில் கூடு கட்டும். கூட்டம் சிறுத்ததும் கவசம் போயிற்று. கடைசிப் பறவை மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது. அதை ஐஸ் கட்டியில் உறையவைத்து வாஷிங்டனுக்கு ரயிலில் அனுப்பினார்கள். அதே பூங்காவில், 1918 பிப்ரவரியில், கடைசிக் கரோலினா கிளி செத்தது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கென்று இருந்த ஒரே கிளி. பழத்தோட்டத்துக்குத் தொல்லை என்று சுட்டார்கள், சுடப்பட்டு விழுந்த துணையைச் சுற்றி மற்றவை திரும்பி வந்து வட்டமிடும், அப்போது அவற்றையும் சுடுவார்கள்.

மயிரிழையில் தப்பியவற்றில் கலிபோர்னியா காண்டோர் என்ற பிணந்தின்னிப் பறவை பழைய உலகத்து எச்சம். மாமத் பிணத்தைத் தின்ற பறவை. யானைகள் போனபின் பசிபிக் கரையில் ஒதுங்கும் திமிங்கிலமும் கடல்நாயும்தான் அதைக் காப்பாற்றின, அதனால்தான் உள்நாட்டில் மறைந்து கரையோரத்தில் மட்டும் நின்றது. 1987இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள், மொத்தம் 27. அப்போது அதைக் கண்ணியமாகச் சாகவிடுங்கள் என்று எதிர்த்தவர்களும் உண்டு. இன்று 500க்கு மேல். எமன் இன்னும் விலகவில்லை: வேட்டைக்காரர் விட்டுப்போன உடலில் தெறித்த ஈயக் குண்டுத் துகள். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகளைக் காக்கப் பாடுபடுகிறவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. அங்கே மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிநிவாரணி ஊசி, இங்கே ஈயம்.

கருங்கால் ஃபெரட் என்று கீரி உடம்போடு ஒரு பிராணி, அழிந்தேவிட்டது என்று எழுதியிருந்தார்கள். 1981இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கொன்று வாசலில் கொண்டுவந்து போட்டது. அந்த நாயால் ஓர் இனம் கிடைத்தது. இன்றிருப்பவற்றில் ஏறக்குறைய அத்தனையும் 7 விலங்குகளின் வம்சம். 1988இல் உறையவைத்த செல்லிலிருந்து 2020இல் படியெடுத்து ஒரு குட்டியும் பிறந்திருக்கிறது, டையர் ஓநாய் அறிவிப்பைவிட எனக்கு இதுதான் பெரிய செய்தி. பீவர் கதை சிரிக்கவைக்கும்: 1948இல் ஐடஹோவில் ஊருக்குள் தொந்தரவு தந்த 76 பீவர்களைப் பெட்டியில் வைத்து, பாராசூட் கட்டி, விமானத்திலிருந்து மலைக்காட்டில் இறக்கினார்கள். ஒன்றுதான் செத்தது. மற்றவை பெட்டியிலிருந்து இறங்கி அணை கட்டப் போய்விட்டன.

கடைசியில் மறுபடி குதிரை. ஸ்பானியர் கொண்டுவந்தவற்றில் தப்பியோடிப் பெருகிய மஸ்டாங் குதிரைகள் இன்றும் நெவாடாவிலும் வயோமிங்கிலும் பல பத்தாயிரம் திரிகின்றன. 1971இல் அவற்றைக் காக்கச் சட்டம் போட்டார்கள், அது அவற்றை மேற்கின் முன்னோடி வாழ்வுக்கு உயிருள்ள சின்னம் என்கிறது, மண்ணின் விலங்கு என்று சொல்லவில்லை. மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துக்கொள்கிற அதிகாரிகளுக்கு அது கட்டுமீறிய வளர்ப்பு விலங்கு, ஆண்டுதோறும் ஹெலிகாப்டர் விட்டு ஓட்டிப் பிடிக்கிறார்கள். புதைபடிவம் பார்க்கிறவர்களில் சிலர், வீட்டுக்காரர் 10,000 ஆண்டு கழித்து வீடு திரும்பியிருக்கிறார் என்கிறார்கள். இந்த வழக்கில் நான் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. நெவாடாவில் சில மலைத்தொடர்களில் பூமாக்கள் அந்தக் குதிரைகளின் குட்டிகளை வேட்டையாடி வாழக் கற்றுக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஸ்பெயினிலிருந்து கப்பலில் திரும்பியது, மற்றது தென் அமெரிக்காவிலிருந்து நடந்து திரும்பியது.